நூற்றெட்டு கிலோ

இரண்டு ஆம்பளைங்க வேண்டும் என்றார்
சுங்கை காடுட்டில் விற்றவர்.
சரி என்று தலையாட்டிப் பணத்தைக் கொடுத்தேன்.
வந்தது நானும் நோர்ஹாயாத்தியும்,
இரவு ஷிஃப்ட் முடிந்து, முகம்கூடக் கழுவாமல்.

லாரிக்காரர் புளோக்கின் அடியில் இறக்கிவிட்டு
அபராதச் சீட்டுக்குப் பயந்து ஓடிவிட்டார்.
தூணோரம் நின்றது பட்டை ரம்பம்,
தலை பெருத்து, கால் சிறுத்து,
பக்கவாதத்துக்குப் பின் முதல்முறை எழுந்தவர்போல.

"பதினாலாம் படுக்கையைவிடக் கம்மிதான்"
என்றாள் நோர்.
சிரித்துவிட்டு இருவரும் அதைச் சுற்றி வந்தோம்,
எங்கே பிடி, எங்கே பலவீனம்,
எதைத் தொட்டால் முரண்டுபிடிக்கும் என்று.

கனத்தை யாரும் தூக்குவதில்லை.
வார்டில் முதல் வாரமே முதுகு கற்றுக்கொண்டது.
சாய்க்கலாம், சறுக்கலாம்,
ஒரு மூலையை மட்டும்
கொஞ்ச நேரம் தரையை மறக்கவைக்கலாம்.
அதற்குள் மறு மூலையை நகர்த்திவிட வேண்டும்.

பழைய போர்வையை அடியில் செருகினோம்.
ஒண்ணு, ரெண்டு, என்று நான் தமிழில் எண்ண
மூன்றை அவள் மலாயில் சொன்னாள்.
அரை அடி. மறுபடி அரை அடி.
மின்தூக்கியின் வாசலில்
ஒரு விரல் உயரப் படி; அதற்கு மட்டும் பத்து நிமிடம்.
கதவு பொறுமையிழந்து மூட வரும்போதெல்லாம்
பபிள் டீயுடன் நின்ற பையன் பட்டனை அழுத்தினான்.

"அங்கிள், இப்ப திரும்பப் போறோம்,
பயப்படாதீங்க."
சொன்னது நான்தான். வார்ப்பிரும்பிடம்.
பதினேழு வருடப் பழக்கம்,
உடம்பைத் தொடும் முன் வாய் முந்திக்கொள்கிறது.
பையன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு
எங்கள் இருவரையும் பார்த்தான், பிறகு இயந்திரத்தை.

வீட்டுக்குள், குண்டு காப்பறைதான் என் பட்டறை.
இரும்புக் கதவு, ஆணி அடிக்கக்கூடாத சுவர்,
அரிசி மூட்டையை வெளியேற்றி நான் பிடித்த இடம்.
அந்த வாசற்படியில்தான் அது சரிந்தது.
என் பக்கம்.

கையேட்டின் மூன்றாம் பக்கம் சொல்கிறது:
விழுந்தால் விழட்டும், விலகி நில்.
என் கைகளுக்கு அது புரியாத பாஷை.
ஒருமுறை குளியலறையில் வழுக்கிய மிஸ்டர் குவெக்கைத்
தொடையில் தாங்கித் தரைக்கு இறக்கினேன்.
ஈர ஓட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.
சாரி மிஸ்ஸி, சாரி மிஸ்ஸி என்று
அவர்தான் அழுதார்.
ஆறு வாரம் இருந்தது அந்த நீலம்.

"லெப்பாஸ்!" என்று கத்தினாள் நோர்.
விடு.
எந்த வார்டிலும் அவள் வாயில் கேட்டிராத சொல்.

விட்டேன்.
பெருத்த தலை கதவில் மோதி,
பத்து மாடிக்கும் ஒரு மணி அடித்து,
சாய்ந்தபடியே நின்றது.
கதவில் நகக்கண் அளவு பெயிண்ட் போயிருந்தது.
வேறொன்றும் இல்லை.
என் கைகள் மட்டும் இன்னும் நீண்டபடி,
அங்கே இல்லாத ஒருவரின் அக்குளைத் தேடிக்கொண்டு.

மீதி சுலபம். நிமிர்த்தினோம், நடத்தினோம்,
ஆடிய காலுக்குக் கையுறைப் பெட்டி அட்டையை
நாலாய் மடித்து முட்டுக்கொடுத்தோம்.
மேசைமேல் ஒரு வெள்ளிக் காசை
விளிம்பில் நிறுத்தி சுவிட்சைப் போட்டேன்.
முதல் தடவை விழுந்தது.
இரண்டாம் தடவை நடுங்கியது, நின்றது.

"முதல்ல என்ன அறுக்கப்போற?"
தரையில் படுத்தபடி கேட்டாள்.
சுவரில் சாய்ந்திருந்த செங்கால் பலகையைப் பார்த்தேன்.
தெரியல என்பதற்குள் தூங்கிவிட்டாள்,
வாய் திறந்து, காலணியோடு.

ரொம்ப நேரம் ஒருக்களித்தே கிடந்தாள்.
தோள் வலிக்கும்.
முட்டியிட்டு, முதுகுக்கு அடியில் கை கொடுத்து,
மெதுவாக,
"நோர், இப்ப திரும்பப் போறோம்" என்றேன்.