புளியரைக்கு மேற்கே

முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.
செங்கோட்டையில் சுண்டிவிட்ட பீடி
கழுதுருட்டியில் வந்து விழும் என்பான் மச்சினன் சஜு.
இதற்குப் போய் நாடு மாறினவன் மாதிரி
யாரிடம் சொல்லி அழுவது?

பதினோரு வருடம் இந்த மலையைத்
தினமும் தாண்டினவன் நான்.
சுரண்டைச் சந்தையில் ஏற்றிய வெண்டையும் தடியங்காயும்
விடிவதற்குள் புனலூரில் இறங்கிவிடும்.
திரும்பும்போது காலி வண்டி, சத்தமாய்ப் பாட்டு.
கோட்டைவாசல் கழிந்ததும் முகத்தில் அறையும்
அந்த வறண்ட காற்றுக்கு
வீடு என்று பெயர் வைத்திருந்தேன்.

எஸ் வளைவில் ஒருநாள் அச்சு முறிந்தது.
இரண்டு மூட்டை சின்ன வெங்காயத்தோடு
கேரளா பஸ்ஸில் ஏறினேன்.
மூட்டைக்கும் டிக்கெட் என்றாள் கண்டக்டர்.
அது நின்றுகொண்டுதானே வருகிறது என்றேன்.
சிரிக்காமல் கிழித்துக் கொடுத்தாள்.
லதிகா பிறகு எப்போது சிரித்தாள் என்பது
இங்கே வேண்டாம்.

இப்போது வீடு எதிர்ப்பக்கம்.
ரப்பர் மரங்களுக்கு நடுவில்
ஜூனில் வந்து உட்கார்ந்த மழை
எழுந்து போகிற யோசனையே இல்லாமல்.
துவைத்த சட்டை நாலு நாள் கொடியில் கிடந்து
வேறு யாருடையதோ போல மணக்கிறது.
நெற்றி கொதித்த அன்று அக்காவிடம் போனில் சொன்னாள்:
'சேட்டனு பனியாணு.'
காய்ச்சல்தான் என்று தெரியும்.
ஆனாலும் எனக்கு மார்கழி வந்துவிட்டது.
குண்டாற்று அணைக்குக் கீழே
புல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.
போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே
ரொம்ப நேரம் அங்கே நின்றிருந்தேன்.

'விஷமம் உண்டோ' என்பாள் சில ராத்திரி.
முதல் தடவை குறும்பு என்று நினைத்துக்
கையை நீட்டி அடி வாங்கினேன்.
வருத்தம் இருக்கிறதா என்று கேட்டாளாம்.
இரண்டும் இருந்தது.

சாயாக்கடையில் நான் பாண்டி.
பிரியமாகவும் சொல்வார்கள், இல்லாமலும்.
வித்தியாசம்
கிளாஸை வைக்கிற சத்தத்தில் தெரியும்.
சொரிமுத்து என்று முழுப்பெயரைச் சொன்னால்
முதுகைச் சொறிந்து காட்டுகிறான் மெக்கானிக் டோஜோ.
சித்தி மகள் சடங்குக்குச் செங்கோட்டை போனேன்.
பந்தியில் பெரியப்பா சத்தம் போடுகிறார்:
'மலையாளத்தான் இலைக்குக் குழம்பைப் பார்த்து ஊத்துலே,
எரிக்கும் அவனுக்கு.'

ரேஷன் அட்டையில் அங்கே அடித்த பெயரை
இங்கே எழுத ஏழு மாதம்.
அந்த ஏழு மாதமும் எனக்கு அரிசி போடும் கடமை
எந்த அரசுக்கும் இல்லை.
நன்றாகத்தான் தின்றேன்.

நேற்று வண்டிக்கும் ஆயிற்று.
டி.என். எழுபத்தாறைக் கழற்றினான் டோஜோ.
கடைசித் திருகாணி மட்டும் துருவோடு பிடித்துக்கொண்டது.
எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்,
ஒரு சாயா குடித்தோம்,
இன்னொரு தரம் விட்டோம்.
கே.எல். இருபத்தைந்து
ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது.

பழைய பலகையை எடைக்குப் போட மனசில்லை.
லதிகா என்னைக் கேட்கவில்லை.
கீரி பிறாண்டிய கோழிக்கூட்டுச் சந்தில்
குறுக்கே வைத்து நாலு ஆணி அடித்துவிட்டாள்.
ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தமிழ்நாட்டுக்குப் பின்னால்
ஐந்து கோழி ஒன்றையொன்று அண்டித் தூங்குகின்றன.
ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து
வெளிச்சத்தை அணை என்பது போலப் பார்த்தது.

இன்று சாயங்காலம் ஆரியங்காவு செக்போஸ்டில்
புதுப் பையன்.
எங்கே போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டான்.
சுரண்டைக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வீட்டுக்கு என்று வந்துவிட்டது.
அவன் குனிந்து எண்ணைப் படித்தான்,
கிழக்கே பார்த்து நிற்கும் வண்டியைப் பார்த்தான்.
'வீடு பின்னிலல்லே, சேட்டா?'

பின்னால் லாரிக்காரன்
ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை.