அடைப்புக்குறிக்குள் மழை

ஞாயித்துக்கிழமை தறி ஓடாது.
சோமனூருக்கே காதில் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது.
அன்றைக்குத்தான் மச்சினன் கனகு
டிஸ்க் ப்ளேயரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தான்.
திருப்பூரில் அவன் கம்பெனி ஆபீஸைக் காலி செய்கிறார்களாம்.
'தட்டும் ஓடும், நெட்டுலயும் படம் வருமுங்க மாமா.'
காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.
ரிமோட்டுக்கு பேட்டரி மூடி இல்லை,
நூல் சுற்றிக் கட்டினேன்.
நூலுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

டிவியின் முதுகில் இருந்தது ஒரே ஓட்டை.
கேபிள்காரர் பெட்டியைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினேன்.
அப்புறம் பாஸ்வேர்டு.
திரையில் எழுத்துகள் வரிசை கட்டி நிற்க
அம்புக்குறியால் ஒவ்வொன்றாகப் போய் முட்ட வேண்டும்.
பாவு பிணைக்கிறவன் நான்.
உட்கார்ந்த இடத்தில் நாலாயிரம் இழை பிணைப்பேன்,
பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு வேர்த்துவிட்டது.
பாஸ்வேர்டு துளசிமணியின் பெயர்தான்.
அவளுக்குத் தெரியாது.
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்,
எல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது.

பாதுகாப்பான இணைப்பு இல்லை என்றது.
மறுபடியும் அதையே சொன்னது.
மூன்றாந்தரம்தான் மூலையில் தேதியைப் பார்த்தேன்:
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
அந்தத் தேதியில் நின்றுகொண்டு கேட்டால்
இன்றைக்கு இருக்கிற கதவு எப்படித் திறக்கும்?
மேல் அம்பை அமுக்கினேன்.
நாலு, வாடகைத் தறி.
ஏழு, கல்யாணம்.
பதினொன்றில் கூலி கேட்டு ரோட்டில் நின்றோம்.
பதினாறோ பதினேழோ,
கூப்பிட்டால் துளசி திரும்பாமல் போன வருசம்.
சரியாகச் சொல்ல முடியவில்லை.
தறி ஓடுகிற இடத்தில்
கூப்பிட்டால் யார்தான் திரும்புவார்கள்?
அம்பு வேகமாக ஓடி
இந்த வருசத்தையும் தாண்டிப் போய்விட்டது.
இறக்கிக் கொண்டுவந்தேன்.

வலது காது போச்சு, இடதில் பாதி
என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னபோது
'அதனாலென்னங்க' என்றாள்.
தறிக்கொட்டகையில் உதடும் விரலும்தானே பேச்சு.
படம் பார்க்கையில்தான் சிக்கல்.
நடிகன் முதுகைக் காட்டித் திரும்பினால்
அவளுக்குக் கதை அறுந்துபோகும்.
அறுந்த இடத்தை நான் பிணைத்துச் சொல்வதற்குள்
அங்கே ஆளே செத்திருப்பான்.
நெட்டில் என்றால் கீழே எழுத்து ஓடுமாம்.
இத்தனை பாடும் அதற்குத்தான்.

திரையில் ஆறெழுத்து வந்தது,
கால் மணி நேரத்துக்குள் செல்லில் அடிக்கச் சொன்னது.
அடித்தேன். திறந்துகொண்டது.

(மழை பெய்கிறது)
(தூரத்தில் நாய் குரைக்கிறது)

'நாயெங்கீங்க?'
'நாய் வராது. சத்தம் மட்டுந்தான்.'
'அதையுமா எழுதுவாங்க!'
சிரித்தாள். கொஞ்ச நேரம் படத்தையே பார்க்கவில்லை,
எழுத்தை மட்டும் பார்த்தாள்.
கதவுக்கு ஒரு சத்தம், செருப்புக்கு ஒரு சத்தம்,
அத்தனைக்கும் ஒரு அடைப்புக்குறி.

பிறகு
(சோக இசை)
என்று வந்து வெகு நேரம் நின்றது.
'எப்படி இருக்குது?' என்றாள்.
வயலின் என்றால் போதாது என்று தெரிந்தது.
கேட்டுப் பார்த்தேன், இன்னொருக்கா கேட்டேன்.
'வெள்ளென அஞ்சு மணிக்கு
ஒரு ஷிப்ட் நின்னு அடுத்தது ஓடறதுக்கு முன்னால
சித்தெ நேரம் இருக்குமே, அதாட்டம்.'
தலையாட்டினாள்.
'அது எனக்குத் தெரியுமுங்க' என்றாள்.

பத்தே முக்காலுக்கு வட்டம் சுற்றத் தொடங்கியது.
ஒன்றரை ஜிபியும் தீர்ந்தது.
பன்னிரண்டு அடித்தால் புதுசு வந்துவிடும்.
காலையில் முதல் ஷிப்ட் இருக்கிறது,
போய்ப் படு என்றேன்.
கடலைக்காய்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு
வட்டத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

எங்கேயோ நிசமாகவே ஒரு நாய் குரைத்தது.
நான் ஜன்னலைப் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.
'என்ன?'
'நாய்.'
'தூரத்துலயா?'
'தூரத்துலதான்.'