இரண்டரை நட்சத்திரம்

நெப்ராஸ்காவில் ஜூலை. வெயில் நூற்று நான்கு.
ஊரில் குளிர்சாதனம் ஒழுங்காக ஓடுகிற இடம் இரண்டே இரண்டு:
பிணவறை, திரையரங்கு.
ஆகவே படத்துக்கு நல்ல கூட்டம்.

கதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.
வேற்றுக் கிரகத்தவர் வருகிறார்கள்,
நம் நிலத்தடி நீர் வேண்டுமாம்.
பால்வீதியைக் கடந்து வந்தவர்களுக்கு
பனிக்கட்டியாலான ஒரு வால்நட்சத்திரம்கூட
வழியில் அகப்படவில்லை.
கதாநாயகன் விவாகரத்தானவன், எப்போதும்போல.
மகளுக்குக் கோபம்.
அவள் கணினியில் எதையோ தட்டினால் கப்பல்கள் விழும் என்பது
பத்தாவது நிமிடத்திலேயே
முன்வரிசைப் பையன்களுக்குத் தெரிந்துவிட்டது.

வெடிப்புகள் அருமை. மறைக்க மாட்டேன்.
நிலவின் ஓரத்தை பிஸ்கட் மாதிரி ஒடித்தபோது
என் பாப்கார்ன் கைக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.
வசனம்?
"இது நம் வீடு" என்று நான்கு பேர் நான்கு முறை சொன்னார்கள்.
ஐந்தாம் முறை வில்லனே சொல்லிவிட்டான்.

பிறகு, ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில்
திரையின் அடியில் வெள்ளை எழுத்து: நெப்ராஸ்கா.
விசில். ஒருவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.
ஒரு வயல். மேலே கப்பல்.
கீழே கதிரெல்லாம் மடிந்து தரையோடு தரை.
ஒன்பது விநாடி. எண்ணினேன்.
மூன்றாம் வரிசையிலிருந்து ஸ்டெங்கா ஓட்வார்க்கா கத்தினாள்:
"அது மக்காச்சோளமே இல்லை, தீவனச் சோளம்!"
இந்தக் கோடையின் ஆகச்சிறந்த வசனம் அதுதான்.
எழுதியவளுக்குச் சம்பளம் இல்லை.

நியூயார்க்கில் உடைந்த ஒவ்வொரு கண்ணாடிக்கும்
அலற ஒருவரை நிறுத்தியிருந்தார்கள்.
எங்கள் வயலில்
ஒரு நாய்கூட இல்லை.

முடிய இன்னும் பதினைந்து நிமிடம்.
மகள் விசைப்பலகையில் கை வைக்கிறாள்,
மின்சாரம் போனது.
அதையும் படம் என்றே நினைத்தோம்.
கூரைமேல் யாரோ கூடை கூடையாகக் கல் கொட்டினார்கள்.
ஒலியமைப்பு பிரமாதம் என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
மாரிசோல் டிக்கெட் அறையிலிருந்து
கைவிளக்கோடு ஓடிவந்து சொன்னாள்:
"ஆலங்கட்டி."
பின்னணி இசை கிடையாது.

எழுபது பேர் வாசலில் நின்றோம்.
லீலண்ட் கூச்சேரா மட்டும்
பாப்கார்ன் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
தெருவில் இறங்கி நடந்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
அவர் வயல் தெருமுனையில் தொடங்குகிறது.
மின்னல் வெட்டும்போதெல்லாம் தெரிந்தது,
கதிரெல்லாம் மடிந்து தரையோடு தரை.
ஸ்டெங்கா ஒன்றும் சொல்லவில்லை.
அது மக்காச்சோளம்தான்.

ஆகவே, வாசகர்களே, படத்தின் முடிவு எனக்குத் தெரியாது.
பூமி பிழைத்திருக்கும்.
இரண்டாம் பாகத்தை அறிவித்துவிட்டார்களே.
நட்சத்திரம் இரண்டரை.
அரை நட்சத்திரத்துக்கு அச்சில் எழுத்து இல்லை என்கிறார்
எங்கள் ஆசிரியர் பீடில் அம்மாள்.
மூன்று போட்டிருக்கிறோம்,
பாதியைப் பேனாவால் அடித்துக்கொள்ளவும்.

இனி வரப்போகிறவை.
செவ்வாய்க் கிரகச் சிறைச்சாலை பற்றி ஒன்று, வெள்ளிக்கிழமை.
முன்னோட்டத்தில் எல்லாரும் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறார்கள்,
ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.
அதற்கடுத்த வாரம் விண்வெளியில் பேசும் நாய்.
குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு
நீங்கள் நடைக்கூடத்தில் இருங்கள்.
ஆகஸ்ட் கடைசியில், காலம் பின்னோக்கி ஓடும் படம்.
"எத்தனை நாள் பின்னோக்கி?" என்று கேட்டார் லீலண்ட்,
மளிகைக்கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்றபடி.
எனக்குத் தெரியவில்லை.
காப்பீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை வருகிறாராம்.

மாரிசோல் எழுதச் சொன்னாள்:
அன்றைய கிழிந்த டிக்கெட்டுகள் செல்லும்.
மின்சாரம் வந்ததும்
கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும் இலவசமாக ஓடும்.
லீலண்ட் தன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.
வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்,
அடியில் இரண்டு ஓட்டை.