கழித்தல் குறி

தார்த்து நகரில் பிப்ரவரி. மைனஸ் பதினேழு.
பகலெல்லாம் பார்க்கிங் கட்டணச் செயலிக்கு
நிரல் எழுதிவிட்டு வந்த மைலிஸ்
காலுறையைக்கூடக் கழற்றாமல்
தன் தபால்காரனைத் திறக்கிறாள்.

நேற்றுவரை படியேறினான்.
இன்று மூன்றாம் படியில்
தரை வழியே விழுகிறான்.
விழுந்துகொண்டே இருக்கிறான்,
பையில் கடிதங்கள் அசையாமல்.

ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது.
திருத்தப் போன விரல் நிற்கிறது.
இந்த ஆட்டத்தை யாரும் கேட்கவில்லை,
முன்பு பாதியில் விட்ட பத்தையும்.

விழுகிறவனுக்குக் கீழே
ஒரு ஜன்னல் வரைகிறாள்,
பதினாறு புள்ளி அகலம்.
உள்ளே விளக்கு.
அப்புறம், விளக்கடியில்
சத்தம் கேட்டு எழும்
ஒரு நாய்.

நாய்க்கு இன்னும் நடக்கத் தெரியாது.
மணி இரண்டரை.
நாலு காலில்
எதை முதலில் தூக்கும்?
எழுந்து போய்
சமையலறைத் தரையில்
தவழ்ந்து பார்க்கிறாள்.