மூன்றா, எட்டா

லெபோ பாசாரில் பூக்கடைக்கு மேல்மாடி.
பாஸ்போர்ட் படம் பன்னிரண்டு வெள்ளி என்று
கதவில் எழுதியிருக்கும்.
மழை விட்ட மாலை. கண்ணாடி முழுக்க ஆவி.
யோகமலர் கைப்பேசியை மேசையில் வைத்தார்,
அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைப்பதுபோல.

"தெளிவாக்கித் தரணும். எவ்வளவு ஆனாலும் சரி."

ஜெலுத்தோங் கடலோரச் சாலை, இரவு ஏழரை இருக்கும்.
ஒரு வெள்ளைக் காரின் பின்புறம்,
இழுபட்டு நீண்ட இரண்டு சிவப்பு விளக்கு,
ஓரத்தில் மோட்டாரின் ஒற்றைச் சக்கரம்.
எடுத்தவன் பின்னால் உட்கார்ந்து வந்த மகன்.
விழுந்த இடத்திலிருந்தே எடுத்திருக்கிறான்.
கை நடுங்கியது பாதி, கார் ஓடியது பாதி.
கணவர் பொது மருத்துவமனையில். முட்டியில் கம்பி.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

கல்யாண ஆல்பங்களில் எனக்குப் பெயர் உண்டு.
இமை மயிரை எண்ணிவிடலாம்,
சரிகையை இழை இழையாகப் பிரித்துக் காட்டுவேன்,
மாப்பிள்ளையின் மீசைக்கு மட்டும் தனி லேயர்.
இது பொய் என்று
இதுவரை ஒருவரும் படியேறி வந்ததில்லை.

இந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
கூராக்குவதற்கு முன் அது
படத்தின் நகலை இன்னும் மங்கலாக்கும்.
அசலிலிருந்து அந்த மங்கலைக் கழிக்கும்.
மிஞ்சிய கோடுகளை
அசலின் மேலேயே அழுத்திப் பூசும்.
கறுப்பின் ஓரம் இன்னும் கறுக்கும்,
வெள்ளையின் ஓரம் இன்னும் வெளுக்கும்,
கண் அதற்குத் தெளிவு என்று பெயர் வைத்துக்கொள்ளும்.
வித்தை அவ்வளவுதான்.

ஸ்லைடரை நகர்த்தினேன்.
முதல் எழுத்து பி.
பினாங்கில் அதற்குக் கணினி தேவையில்லை.
அடுத்தது கே. இல்லை, எக்ஸ்.
அப்புறம் ஒன்று, ஏழு,
அப்புறம் ஒரு வளைவு.

இன்னும் நகர்த்தினேன்.
தாரில் ஒவ்வொரு மணலும் எழுந்து நின்றது.
மழைத்துளிகளுக்கு விளிம்பு முளைத்தது.
கீழ் மூலையில் இருட்டாக இருந்தது
ஒரு செருப்பாயிற்று, நீல வார், அறுந்தது.
"ஐயோ, இதத்தான் தேடிக்கிட்டு இருக்கான்" என்றார் யோகமலர்.
முதல் முறையாகச் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார்.

வளைவு வளைவாகவே இருந்தது.

புதிய மென்பொருளில் இன்னொரு பொத்தான் உண்டு.
அது கழிப்பதில்லை, ஊகிக்கும்.
அழுத்தினேன்.
எட்டு.
தொழிற்சாலையிலிருந்து இப்போதுதான் வந்தது போன்ற எட்டு.
மறுபடி அழுத்தினேன்.
மூன்று. அதே நேர்த்தி,
சத்தியம் செய்கிற அதே முகம்.

பாயான் பாருவில் எட்டுக்காரர் ஒருவர்
இந்நேரம் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.
புக்கிட் மெர்தாஜாமில் மூன்றுக்காரருக்குப்
பின்கதவில் புதுப் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கலாம்.
அல்லது மாற்றி.
என் சுண்டுவிரல் ஒரு முறை அசைந்தால்
போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

"வந்துருச்சா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
இரண்டையும் காட்டினேன்.
"ரெண்டுமே நான் வரவச்சது. உள்ள இருந்ததில்ல.
எடுத்த படத்த எடுத்தபடியே போலீஸ்ல குடுங்க."

வெகு நேரம் பார்த்தார்.
"மூணுன்னுதான் இப்ப சொல்றான்" என்றார்.
"மொத நாளு எட்டுன்னான்."
பிறகு, குரலைத் தாழ்த்தாமல்,
"கல்யாணத்துக்குன்னா மட்டும் செஞ்சு குடுப்பீங்க."

பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

காசு வேண்டாம் என்றேன்.
நனைந்த பத்து வெள்ளியை
மேசையில் விரித்து ஒட்டிவிட்டுப் போனார்.
கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தேன்.
தெருவோரம் நின்ற ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் பின்னால்
நின்று, குனிந்து,
நிமிர்ந்து நடந்தார்.

அன்றிரவு ஜாலான் பத்தானி சிவப்பு விளக்கில்
எனக்கு முன்னால் ஒரு கார்.
ஒன்று. ஏழு. எட்டு.
நெஞ்சு ஒரு முறை துள்ளி
அடங்கியது.
கார் நீலம்.