நாலு மில்லிமீட்டர்

ஊசி போடுமுன்னே கோடு போட்டுவிட வேண்டுமாம்.
மருந்து இறங்கினால் தோல் உப்பிக்கொள்ளும்,
எது கரை எது வயல் என்று தெரியாது.
ஐப்பசியில் வெண்ணாறு உடைத்துக்கொண்ட மறுநாள்
அளக்கப் போனவன் நான். எனக்குத் தெரியும்.

மூக்கோரம், இடது கண்ணுக்குக் கீழே.
ஏழு வருஷமாய் மச்சம் என்றிருந்தேன்.
அதிர்ஷ்ட மச்சம் என்றுகூட ஒருத்தர் சொன்னார்,
பட்டா மாற்ற வந்தவர், சொல்லத்தானே செய்வார்.
அய்யம்பேட்டை சலூனில்
துண்டில் ரத்தத்தைப் பார்த்து
கத்தியைக் கீழே வைத்தான் பக்கிரிசாமி:
"இது என் வேலை இல்ல சார்,
தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

டாக்டர் ஜெபராணிக்கு என் வயதில் பாதி.
ஸ்பிரிட்டால் துடைத்து
இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து
கண்ணாடிக் குமிழ் ஒன்றை அழுத்தினார்.
திரையில் என் தோல்.
ஒரு சிவப்பு இழை இரண்டாய்ப் பிரிந்து,
பிரிந்தது மறுபடி பிரிந்து,
மயிராகி ஓரத்தில் காணாமல் போகிறது.
கல்லணைக்குக் கீழே உள்ள வரைபடம்.
இது வெண்ணாறு, இது குடமுருட்டி,
இது பேரில்லாத கன்னிவாய்க்கால்.

"ரத்தக்குழாய் சார். கட்டி தனக்கு வேண்டியதைத்
தானே வெட்டிக்கும்."
பொதுப்பணித்துறையைக் கேட்காமலா, என்றேன்.
சிரித்தார். பிறகு என்னைச் சிரிக்கச் சொன்னார்.
சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவாம்.
அந்தச் சாலோடு வெட்டினால்
தழும்பு அதிலேயே படுத்துக்கொள்ளும்.

கறுத்த தோலில் கறுத்த கட்டி.
விளக்கைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து,
ஓரத்தில் முத்துபோல ஒரு மினுக்கம்,
அதை விடாமல் பிடித்து
ஊதாப் பேனாவால் புள்ளி வைத்தார்.
பதினொன்று. எண்ணினேன், பழக்கம்.
சேர்த்தால் ஒழுங்கில்லாத வடிவம்,
வாரிசுகள் பிரித்த கொல்லை மாதிரி.

அப்புறம் ஸ்கேலை வைத்து
அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு.
நாலு மில்லிமீட்டர். சுற்றிலும்.

"அது நல்ல தோல்தானே டாக்டர்?"
"பார்க்க நல்ல தோல்தான்."

முப்பத்தொரு வருஷ சர்வீஸ், பாபநாசம் தாலுகா.
புறவழிச்சாலைக்குக் கல் நட்டபோது
ரோட்டுக்கு வேண்டியது இவ்வளவு,
அதற்கு வெளியே இன்னும் நாலு மீட்டர்,
எதற்கும் இருக்கட்டும் என்று மேலிருந்து உத்தரவு.
சம்பா பால் பிடிக்கிற நேரம்.
தைலம்மை என்று ஒரு பெண்பிள்ளை,
கதிரை ஒரு கையால் விலக்கிக்கொண்டு
கல்லுக்கு இந்தப்பக்கம் வந்து நின்றாள்:
"ரோடு அங்கதானே போவுது,
இது நல்ல நெலம்தானேய்யா?"
நான் செயினைச் சுருட்டச் சொன்னேன்.
அவ்வளவுதான் என் பதில்.
அந்த நாலு மீட்டரில் இன்றைக்குச்
சீமைக்கருவையும்
பரோட்டாக் கடை எச்சில் இலையும்.

டாக்டர் பேனாவை இன்னும் மூடவில்லை.
"கண்ணுக்குத் தெரியாத வேர் அங்க இருக்கலாம் சார்.
எடுத்ததை ஓரமெல்லாம் மை தடவி லேபுக்கு அனுப்புவோம்.
ஓரம் சுத்தம்னு எழுதி வந்தாத்தான்
நான் வெட்டினது சரி.
இல்லேன்னா மறுபடி உங்களைக் கூப்பிடணும்."

வெட்டியது சரிதானா என்று
யாரோ ஒருவர் விளக்கடியில் பார்ப்பார்.
எழுதிக் கையெழுத்தும் போடுவார்.
என் அளவுப் புத்தகத்தில்
அப்படியொரு கட்டம் இருந்ததில்லை.

கண்ணாடி கொடுத்தார்.
உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு.
நடுவில் நகக்கீற்று அகலத்துக்கு
என் நல்ல தோல், வேர்த்திருந்தது.

லேபுக்குத் திசை தெரிய
வெட்டிய துண்டின் மேல்முனையில் ஒரு நூல் கட்டுவாராம்.
மேல்முனை என்றால்?
"நெத்திப் பக்கம்."
அப்போ அதுதான் வடக்கு, என்றேன்.

மேசையில் ஏறிப் படுக்கும்போது
ஜன்னல் வெயிலை வைத்துப் பார்த்தேன்,
தலைமாடு நிஜமாகவே வடக்கு.
வீட்டில் இப்படிப் படுக்க விடமாட்டார்கள்.

ஊசி வந்தது.
தைலம்மையின் சர்வே எண்ணை
ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தேழு வரை வந்தது.
உட்பிரிவு வரவில்லை.