நாலாயிரத்து நூறு

கணினிப் பெட்டியைக் கம்பளியில் சுருட்டிக்
கைக்குழந்தைபோல ஏந்தி வந்தாள் துலாம்சுரேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
உலான்பாத்தர் ஜனவரியில்
மூச்சு விட்டால் மூக்கு மயிர் முறியும்.

"உடனே போடக்கூடாது,
ஒரு மணி நேரம் கிடக்கட்டும்" என்றேன்.
குளிரிலிருந்து வந்த இரும்புக்கு
அறைச் சூட்டில் வியர்க்கும்.
வியர்வையோடு மின்சாரம் தந்தால்
அதோடு சரி.

ஆக, எங்களிடம் ஒரு மணி நேரம் இருந்தது.
கண்ணாடிப் பேழையைத் திறந்து
நான்கையும் எடுத்து வைத்தேன்.
"ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?"
இருக்கும்.
ஒரே அச்சு, ஒரே சிலிக்கான்,
முதுகில் பொறித்த எண் மட்டும் வேறு.

4600கே. பூட்டில்லாதது,
எவ்வளவு விரட்டினாலும் ஓடும், அந்த அளவுக்குக் கொதிக்கும்.
அதற்கொரு பெரிய விசிறி தனியாக வாங்கவேண்டும்.
"ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?"
சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன்,
இந்த ஊர்க் காற்றில் பாதி நிலக்கரி.

4400. ஆறு கோர். எல்லாம் அளவோடு.
பக்கத்தில் 4400எஃப். அதே ஆறு,
கிராஃபிக்ஸ் கிடையாது,
திரைக்கு ஒரு பொட்டு வெளிச்சம் அனுப்பாது.
எழுபதாயிரம் துக்ரிக் மலிவு.
"கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதா" என்று
அதைத் தள்ளி வைத்தாள்.

கடைசியில் 4100.
நான்கு கோர்.
"மற்ற இரண்டு?"
உள்ளேதான் இருக்கின்றன. பேசாது.
"செத்துவிட்டனவா,
பேசாதே என்று சொல்லிவிட்டார்களா?"

பதினோரு வருடமாக விற்கிறேன்.
வேகம் கேட்டிருக்கிறார்கள், வெப்பம் கேட்டிருக்கிறார்கள்,
தவணை கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
சோதனையில் தோற்றவையாக இருக்கலாம்.
மலிவுச் சரக்குக்கு ஆள் அதிகம் என்று
நல்லவற்றையே வாய்கட்டியும் விற்பார்கள்.
இந்த ஒன்று எந்த வகை?
"தெரியாது" என்றேன்.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை,
குனிந்து பார்த்தாள்.

கொரியத் தொடர்களுக்கு
மங்கோலியக் குரல் கொடுப்பவள் அவள்.
மாமியார், மருமகள், கடன்காரன்,
ஆஸ்பத்திரியில் கிடக்கும் முதலாளி
எல்லோரும் அவள் ஒரு தொண்டைதான்.
ராத்திரியில், கட்டடம் அடங்கிய பிறகு,
அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்வாளாம்.
பழைய இரண்டு கோர்
பாதி வசனத்தில் திக்கி நிற்கிறதாம்,
மாமியார் திட்டத் தொடங்கி
"நீ" என்பதோடு உறைந்துபோகிறாளாம்.

"ஆறு பேர் நடித்தாலும்
ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள்?"
தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.
"சண்டைக் காட்சியில் மூன்று.
நாலாவது ஆள் அழுவான்."

கையுறையைக் கழற்றிப் பணம் எண்ணினாள்.
மூன்று லட்சத்து எண்பதாயிரம்,
நோட்டுகளும் சில்லிட்டிருந்தன.
4400 விற்றால் எனக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.
சொல்லிப் பார்த்தேன்,
"ஐந்து வருடம் கழித்து வருத்தப்படுவீர்கள்."
"ஐந்து வருடம் கழித்து
இந்தத் தொடரே முடிந்திருக்காது" என்றாள்.

மணி ஆனதும் பெட்டியைத் திறந்தேன்.
விசிறி இறக்கைகளில் கரித்தூள்,
நடுவே ஓர் ஆட்டு மயிர்.
துடைத்தேன். பழையதைப் பிடுங்கினேன்.
முக்கோணக் குறிக்கு முக்கோணக் குறி வைத்து
புதியதை அமர்த்தி,
பட்டாணியளவு களிம்பு பிதுக்கி, மூடினேன்.

திரையில் நான்கு கோடுகள் எழுந்தன.
இருக்கிற இரண்டுக்கு
அங்கே கட்டமே இல்லை.

துலாம்சுரேன் திரையருகே குனிந்து
தடித்த ஆண்குரலில், யாரோ ஒரு முதலாளியாக,
"எழுந்திரு, வேலையைப் பார்" என்றாள்.
எதிர்க்கடைப் பையன் எட்டிப் பார்த்தான்.

அவள் போன பிறகு
4600கே-யை மறுபடி பேழையில் வைத்தேன்.
செப்டம்பரில் வந்தது,
விலைச்சீட்டு ஓரம் மடங்கிவிட்டது.
அவளுடைய பழைய சிப்
மேசையிலேயே கிடந்தது.
இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது,
அல்லது என் கை சில்லிட்டிருந்தது.